திருப்தி ஏற்படும்வரை

அந்த அலுவலகத்துக்கு வருகிறவர்கள் ஒரு பொருளைத் தொலைத்துவிட்டு வருவார்கள். வந்த இடத்தில் பொறுமையையும் தொலைத்துவிட்டுப் போவார்கள். பேருந்து முனையத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒரு ஷட்டர், ஒரு கவுண்டர், பின்னால் கூரையைத் தொடும் இரும்பு அலமாரிகள். குடைகளுக்கு ஒரு மூலை, தண்ணீர் பாட்டில்களுக்கு ஒரு பெட்டி, பல்செட்டுகளுக்கு ஒரு இழுப்பறை. ஆமாம், பல்செட்டுதான். ஜனங்கள் எதையெல்லாம் பேருந்தில் விட்டுவிட்டு இறங்குகிறார்கள் என்று பார்த்தால், தலையை மறக்காமல் கொண்டுபோனதே பெரிய காரியம் என்று தோன்றும்.

அங்கே இரண்டு பேருக்கு வேலை. ஒருவரை எல்லோரும் ஜோசியர் என்பார்கள். ஜாதகம் பார்க்கிறவர் இல்லை. ஆள் முகத்தைப் பார்த்தே பொருள் யாருடையது என்று சொல்லிவிடுவாராம். இன்னொருத்தி கேள்வியக்கா. ஓட்டுநர்களும் நடத்துநர்களும் வைத்த பெயர் அது. அவளிடமிருந்து ஒரு குடையைத் திரும்ப வாங்குவதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும் என்று கேலி செய்வார்கள். அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. கேள்வி கேட்காமல் கொடுக்கிற பொருள் பாதி திருட்டுக்கொடுப்பு என்பது அவள் கட்சி.

விண்ணப்பத் தாளில் பதினொரு கேள்விகள் அச்சாகியிருந்தன. என்ன பொருள், என்ன நிறம், எத்தனை மணிப் பேருந்து, எங்கே வைத்தீர்கள் என்று வரிசையாகப் போய், பொருளின் மேல் உள்ள எண், வாங்கிய ரசீது, அடையாள அட்டை என்று முடியும். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'அலுவலருக்குத் திருப்தி ஏற்பட்டதும் கேள்விகளை நிறுத்திக்கொள்ளலாம்.' ஜோசியருக்கு முதல் கேள்விக்கு முன்னாலேயே திருப்தி ஏற்பட்டுவிடும். கேள்வியக்காவுக்குத் திருப்தி என்பது பதினொன்றைத் தாண்டியும் வராது.

போன மாதம் ஜோசியர் ஒரு மடிக்கணினியை இஸ்திரி மடிப்புக் கலையாத ஒரு சட்டைக்குத் தூக்கிக் கொடுத்தார். மறுநாள் தலைகூட வாராமல் ஒரு மாணவன் மூச்சு வாங்க ஓடிவந்து, "என் கம்ப்யூட்டர்" என்றான். "மூஞ்சியைப் பாத்தாலே தெரியலையா, ஓடுறா" என்று அவனை விரட்டிவிட்டார். மூன்றாம் நாள் அவன் ரசீதோடு வந்தபோது ஜோசியர் முகத்தில் ஈயாடவில்லை. கேள்வியக்கா அன்று கொதித்துப் போனாள். ஒரு பிள்ளையின் இரண்டு வருடப் படிப்பு அதற்குள் இருந்தது. அதை வாரிக் கொடுத்தவருக்குச் சம்பளத்தில் ஒரு பிடித்தம்கூட இல்லை. "மனசுல பட்டுச்சும்மா" என்று அவர் சொன்னபோது, அந்த மனசைக் கழற்றி அலமாரியில் சீட்டுக் கட்டி வைக்கலாமா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அந்தச் சூடு ஆறாமல் இருந்த ஒரு திங்கட்கிழமை. ஷட்டரைத் தூக்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். ஏதோ கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறவள் என்பதை, அவள் சொல்வதற்கு முன்பே ஊறி வெளுத்திருந்த விரல்கள் சொல்லின. கேள்வியக்கா குனிந்து பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கவுண்டர் பலகையை விரலால் டொக் டொக் என்று தட்டினாள். கேள்வியக்கா நிமிர்ந்தாள். நிமிர்ந்த பிறகுதான் வந்தவள் வாயைத் திறந்தாள்.

"நேத்து சாயங்காலம் பஸ்ல ஒரு சின்னப் பையை விட்டுட்டேன். என் பொண்ணோட காது மெஷின் அதுல இருக்கு." ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியாக, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள்.

பலகையைத் தட்டிக் கூப்பிடுவது என்ன, விவரம் தெரியாதவளுக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசுவது என்ன! கேள்வியக்காவுக்குச் சுருக்கென்றது. பொருள் அலமாரியில்தான் இருந்தது. முந்தின நாள் வந்த உடனேயே பையைத் திறந்து பார்த்து, கருவியின் அடியில் நகக்கண் அளவு இருந்த எண்ணைக்கூடப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துப் பதிவேட்டில் எழுதியிருந்தாள். இருந்தாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் தாளை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"பை என்ன கலர்?"

"கறுப்பு."

பை கரும்பழுப்பு. கேள்வியக்கா சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"எத்தனை மணி பஸ்?"

"ஆறு, ஆறரை இருக்கும் மேடம். பொண்ணு தூங்கிட்டா. மெஷினைக் கழட்டிப் பையில போட்டேன். அவளைத் தூக்கிட்டு இறங்கினதுல பையை மறந்துட்டேன்."

அது ஏழே கால் மணிப் பேருந்து. இன்னொரு பெருக்கல். கேள்விகள் ஒன்பதுவரை போயின. எண் என்ன என்று கேட்டதும் அந்தப் பெண் விழித்தாள். "நம்பரா? அதுல நம்பர் இருக்கா?"

"ஆஸ்பத்திரிச் சீட்டு, வாங்கின ரசீது ஏதாவது இருக்கா?"

"வீடு மாறினப்போ எங்க போச்சோ தெரியல. ஆஸ்பத்திரியில நகல் கேட்டா மூணு நாள் ஆகும்பாங்க. மேடம், புதன்கிழமை என் பொண்ணுக்கு ஸ்கூல்ல சேர்க்கைப் பரீட்சை. இத்தனை நாள் காது கேக்காத புள்ளைங்க ஸ்கூல்ல படிச்சா. இப்ப எல்லாரையும் மாதிரி சாதாரண ஸ்கூல்லயே சேக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. மெஷின் இல்லாம போனா அவளுக்கு ஒரு வார்த்தை கேக்காது."

"சீட்டைக் கொண்டு வாங்க, தரேன்."

"பொண்ணைக் கூட்டிட்டு வரேன். காதுல மாட்டிப் பாருங்க. காதுக்குள்ள போற அச்சு அவ காதுக்குன்னே அளவெடுத்துச் செஞ்சது. வேற யாருக்கும் பொருந்தாது."

"சீட்டுக் கட்டி வச்ச பொருளை அப்படியெல்லாம் மாட்டிப் பாக்க முடியாதும்மா. தாள்ல அதுக்கு இடம் கிடையாது."

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஜோசியர் தலையை நீட்டினார். "அது அவங்களோடதுதாம்மா. குடுத்து அனுப்பு."

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"படுது."

"கம்ப்யூட்டரும் இப்படித்தானே பட்டுச்சு?"

ஜோசியர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.  அந்தப் பெண் போய்விட்டாள். சட்டம் பேசியவளுக்கு இருக்க வேண்டிய நிம்மதி கேள்வியக்காவுக்கு இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஜோசியர் தேநீருக்குப் போயிருந்த நேரத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். வந்தவர் பலகையைத் தட்டவில்லை. அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, "வேலையில தொந்தரவு பண்றேன், மன்னிக்கணும்" என்றார். இத்தனை வருடத்தில் அந்தக் கவுண்டரில் மன்னிப்புக் கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கேள்வியக்கா உள்ளேயிருந்து நாற்காலியை எடுத்துப் போட்டாள். "உட்காருங்க சார்."

"என் பையனோட காதுக் கருவி. ஞாயித்துக்கிழமை பஸ்ல தவறிடுச்சு."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பை என்ன கலர் சார்?"

"கரும்பழுப்பு. ஜிப் ஓரத்துல லேசா நூல் பிரிஞ்சிருக்கும்."

"எத்தனை மணி?"

"ஏழே காலுக்குக் கிளம்பின வண்டி."

"எங்க வச்சீங்க?"

"இடது பக்கம், பின்னாலிருந்து மூணாவது சீட்டு. ஜன்னலோரம்."

என்ன பொருள் என்று அவரே சொல்லிவிட்டார். அதையும் சேர்த்து நான்கு கேள்விகள், நான்கு சரியான பதில்கள். அவளுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஒரு மனிதரைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! முந்தின நாள் வந்த பெண்ணின் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறிவிட்டதாகவே அவள் முடிவு கட்டினாள். பரீட்சையாம், டாக்டராம், என்னமாய்க் கதை கட்டினாள்! கையெழுத்து வாங்கி, அடையாள அட்டை நகலை இணைத்து, பையைக் கொடுத்து அனுப்பினாள். அவர் படிக்கட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டும் இருந்தாள்.

ஜோசியர் திரும்பி வந்ததும், "நேத்து ஒருத்திக்காகப் பரிஞ்சு பேசினீங்களே, நிஜச் சொந்தக்காரர் வந்து வாங்கிட்டுப் போயிட்டார்" என்றாள்.

அவர் கையிலிருந்த தேநீரை அப்படியே வைத்தார். "அந்தம்மா பொய் சொல்லலம்மா."

"காரணம் சொல்லுங்க. ஒரே ஒரு காரணம்."

 அவருக்குக் காரணம் சொல்ல வரவில்லை. இரண்டு நாளும் தன் கட்சியே ஜெயித்த மிதப்பில் கேள்வியக்கா வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை காலை மறுபடியும் டொக் டொக். அதே பெண். ஆஸ்பத்திரி முத்திரை குத்திய சீட்டைப் பலகையில் வைத்தாள். கேள்வியக்கா சீட்டில் இருந்த எண்ணைப் படித்தாள். பதிவேட்டைத் திறந்து அவள் கையாலேயே எழுதிய எண்ணைப் படித்தாள். ஒரு தரம், இரண்டு தரம், கடைசியில் ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்து. எல்லா இலக்கமும் ஒத்துப்போயின. 

"எங்க பை?" என்றாள் அந்தப் பெண்.

கேள்வியக்கா மென்று முழுங்கி விஷயத்தைச் சொன்னாள். வேறொருவர் வந்தார், எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னார் என்றாள்.

"சரியாச் சொன்னானா? சொல்லுவான்! எங்களுக்குப் பின்னாடி சீட்டுல உக்காந்து, நான் அதைக் கழட்டுனதுலேருந்து கண்கொட்டாமப் பாத்துட்டு வந்தவனா இருப்பான். நான் இறங்கினதும் எடுக்கலாம்னு இருந்திருப்பான், கண்டக்டர் முந்திக்கிட்டிருப்பாரு. எடுக்கணும்னு நினைக்கிறவன்தான் பையை உத்து உத்துப் பாப்பான். நான் எதுக்கு மேடம் பாக்கணும்? அஞ்சு வருஷமா தினம் காலைல அதைத் திறந்து என் பொண்ணு காதுல மாட்டுறேன். அவ காதைத்தான் பாப்பேன். பை கறுப்பா பழுப்பான்னு எவ பாப்பா?"

 குடை தேடி வந்து வரிசையில் நின்றவர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நேத்துப் பரீட்சை முடிஞ்சு போச்சு. தேதி மாத்த முடியாதுன்னுட்டாங்க. மெஷின் இல்லைன்னு வாசல்ல சொன்னேன். பரவாயில்ல, சத்தமாக் கேக்குறோம்னாங்க. என்னை உள்ள விடல. என் பொண்ணு வெளிய வந்தப்போ அவ மூஞ்சியை நீங்க பாத்திருக்கணும். பாத்திருந்தாலும் உங்களுக்கு என்ன தெரியப்போகுது!"

அவள் போன பிறகு கேள்வியக்கா மேலாளரிடம் ஓடினாள். மேலாளர் வெள்ளைச் சட்டைக்காரரின் தாளை வாங்கிப் புரட்டினார். கையெழுத்து இருக்கிறது, அட்டை நகல் இருக்கிறது, பதில்கள் எல்லாம் சரி. "பேப்பர் சுத்தமா இருக்கும்மா. நம்ம பக்கம் ஒரு தப்பும் இல்ல. அந்தம்மா வேணும்னா போலீஸ்ல போய்ச் சொல்லட்டும். நாமளே போகணும்னா, நீங்க தப்புப் பண்ணிட்டேன்னு அறிக்கை எழுதித் தரணும். அது உங்க பணிப் பதிவுல ஏறிடும். எதுக்கு வம்பு?"

ஒரு குழந்தையின் காதைத் தூக்கி எவனிடமோ கொடுத்துவிட்டு பேப்பர் சுத்தமாக இருக்கிறதாம்! கேள்வியக்காவுக்கு வந்த கோபத்தில் மேலாளரின் மேசைக் கண்ணாடி உடையாமல் இருந்தது அதிசயம். ஆனால் அந்தக் கோபத்தை அவள் கொண்டுபோய் இறக்கியது ஜோசியர் தலையில்.

"உங்களுக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சே! காரணம் கேட்டேன்ல? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"எனக்கே அப்போ தெரியாதும்மா. ரெண்டு நாளா யோசிச்சு இப்பத்தான் பிடிபட்டுச்சு. அந்தம்மா தட்டினாங்க பாரு, நீ நிமிர்ந்து மூஞ்சியைப் பாத்த பிறகுதான் பேசினாங்க. உதட்டை அசைச்சு அசைச்சு. எங்க பெரியம்மா பையனுக்குக் காது கேக்காது. பெரியம்மா எங்ககிட்டகூட அப்படித்தான் பேசுவாங்க. தட்டிக் கூப்பிட்டு, மூஞ்சியைப் பாக்க வச்சு. பழக்கம் போகாதும்மா."

கேள்வியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தாட்சி கொண்டு வா, அத்தாட்சி கொண்டு வா என்று அவள் யாரிடம் கேட்டாளோ அந்தப் பெண் அத்தாட்சியைக் கையோடு கொண்டுவந்து அவள் மேசையிலேயே தட்டியிருக்கிறாள். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டவள் இவள்.

"நான் எழுதிக் குடுத்திடறேன்மா, பையை நான்தான் தப்பாக் குடுத்தேன்னு. எனக்கு ஏற்கெனவே கெட்ட பேரு" என்றார் ஜோசியர்.

"உங்க தரும சிந்தனையைத் தூக்கி அந்தக் குடைக்கூடையில போடுங்க" என்று எரிந்து விழுந்தாள். தன் தப்பைக்கூட இன்னொருவர் பெயரில் பதிவு செய்ய அவளுக்கு மனம் வரவில்லை.

வீட்டில் அவள் கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு விடுதியில் சமையல்காரர் அவர். இருநூறு பேருக்கு உப்பைக் கையால் அள்ளிப் போடுகிற ஆள். கேள்வியக்கா நான்கு பேருக்கே ஸ்பூனால் அளந்து போடுவாள். கல்யாணத்துக்கு முன்னால் அவரிடம் அவள் இருபத்திரண்டு கேள்விகள் கேட்டாள் என்பது இரண்டு குடும்பங்களிலும் பிரசித்தம். குறட்டை விடுவீர்களா என்பதை மட்டும் கேட்க மறந்துவிட்டாள்.

நடந்ததை எல்லாம் கொட்டினாள். "நான் என்ன ஜோசியரா? மூஞ்சியைப் பாத்துக் குடுத்தேனா? முறைப்படி கேட்டேன், முறைப்படி பதில் வந்துச்சு. என்னை ஏமாத்திட்டான்."

அவர் கத்தியை நிறுத்தவில்லை. "உன் கேள்வியெல்லாம் எல்லாருக்கும் ஒண்ணா என்ன? உன் தங்கச்சி வந்து தங்கணும்னா, 'எப்ப வரே?'ன்னு ஒரே கேள்வி. என் தங்கச்சின்னா எப்ப வரா, எதுக்கு வரா, யாரோட வரா, எப்பக் கிளம்புவா... ஒம்பது கேள்வி."

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"நான் என்னத்தைக் கண்டேன். உப்புப் போடுறவன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம்தான். ஆனால் அவர் சொன்னது பல்லில் மாட்டிய நார் மாதிரி இரவெல்லாம் உறுத்தியது.

வெள்ளிக்கிழமை முதல் வேலையாக அந்த இரண்டு தாள்களையும் எடுத்து அருகருகே வைத்தாள். பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கு ஒன்பது கேள்விகள், அதோடு ரசீது. வெள்ளைச் சட்டைக்காரருக்கு நான்கு. ஐந்தாவது கேட்கவே இல்லை. கேட்டுக்கொண்டே போயிருந்தால் ஒன்பதாவதில், அந்த நகக்கண் எண்ணில், அவர் மாட்டியிருப்பார். ஏன் நிறுத்தினாள்? திருப்தி ஏற்பட்டுவிட்டது. எப்போது ஏற்பட்டது? நான்காவது பதிலிலா? பொய் சொல்வானேன், அவர் மன்னிப்புக் கேட்ட அந்த நொடியிலேயே அது நடந்துவிட்டது. அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் ஒப்புக்கு. அந்தப் பெண்ணிடமோ, பலகையைத் தட்டிய நொடியிலேயே முடிவு கட்டியாகிவிட்டது. மிச்சம் ஒன்பது கேள்விகளும் அந்த முடிவுக்குச் சப்பைக்கட்டு.

ஜோசியர் முகத்தைப் பார்த்துக் கொடுக்கிறார், பார்த்துத்தான் கொடுத்தேன் என்று சொல்லவும் சொல்கிறார். இவளும் முகத்தைப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறாள்; அதற்கு மேல் ஒரு தாளை வைத்து மூடியிருக்கிறாள். இவள்தான் மோசம் என்று அவளுக்குத் தோன்றியது. ஜோசியரிடம் சண்டை போடவாவது முடியும். தாளோடு யார் சண்டை போடுவது?

பழைய தாள்களை இழுத்துப் போட்டாள். கட்டுக் கட்டாக. சேறு படிந்த கைரேகைகள் பதிந்த தாள்களில் எட்டு, பத்து, பதினொன்று. நல்ல பேனாவால் கையெழுத்துப் போட்ட தாள்களில் மூன்று, நான்கு. இருபது தாளுக்கு மேல் அவளால் பார்க்க முடியவில்லை.

மேலாளரின் மேசையில் தவறு அறிக்கைப் படிவத்தை வைத்து நின்றுகொண்டே எழுதினாள். 'தவறுக்கான காரணம்' என்ற கட்டத்தில், 'பொருள் பெற்றவர் மரியாதையாகப் பேசியதால் நாற்காலி கொடுத்து நான்கு கேள்விகளோடு நிறுத்திவிட்டேன். உண்மையான உரிமையாளரை நிற்க வைத்து ஒன்பது கேள்விகள் கேட்டேன். இருவரையும் பார்த்தவுடனேயே முடிவு செய்துவிட்டிருந்தேன்' என்று எழுதினாள்.

மேலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதெல்லாம் ஒரு காரணமாம்மா? போலித் தகவல்னு எழுதுங்களேன். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"இதுதான் சார் காரணம். வேற எதை எழுதினாலும் அது போலித் தகவல்."

அட்டை நகலில் இருந்த முகவரிக்குப் போலீஸ் போனது. கருவியை விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தவர் கையும் களவுமாக மாட்டினார். அன்று சாயங்காலமே காவலர் பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சிரித்தார். "நாலே கேள்வியில தூக்கிக் குடுத்துட்டாங்க, நானே எதிர்பாக்கலைங்கறான்." கேள்வியக்கா சிரிக்கவில்லை. அந்தப் பெண் தாளில் எழுதியிருந்த கேன்டீனுக்கு அவளே பையை எடுத்துக்கொண்டு போய், ஈரக் கையில் கொடுத்தாள். மன்னிப்பும் கேட்டாள். அந்தப் பெண் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "சரி" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் சொல்ல அவளுக்கு என்ன தலையெழுத்தா?

திங்கட்கிழமை டொக் டொக் கேட்டதும் கேள்வியக்கா எழுந்தே நின்றுவிட்டாள். அந்தப் பெண் பக்கத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி நின்றாள். இரட்டைச் சடை, வலது காதுக்குப் பின்னால் அந்தக் கருவி. தாய் ஒரு தாளை விரித்துக் காட்டினாள். பள்ளியின் முடிவு. பத்துக் கேள்விகள், பத்துக்கும் 'பதில் இல்லை'. அடியில் சிவப்பு மையில்: 'புரிந்துகொள்ளும் திறன் குறைவு. சாதாரண வகுப்புக்குத் தகுதியில்லை.'

"உங்களை மாதிரியே ஒருத்தங்க" என்றாள் தாய். "எல்லாக் கேள்வியையும் ஒழுங்காக் கேட்டிருக்காங்க."

அந்தத் தாளைப் படித்த மாத்திரத்தில் கேள்வியக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காது கேட்காத குழந்தையின் காதில் பத்துக் கேள்விகளை ஊற்றிவிட்டு அதற்கு மூளை இல்லை என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள்! பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள், அறிக்கையின் நகலையும் எடுத்துக்கொண்டாள். ஜோசியரிடம், "கவுண்டரைப் பாத்துக்கோங்க. எல்லாருக்கும் பதினொண்ணையும் கேளுங்க, யாரா இருந்தாலும்" என்று சொல்லிவிட்டு அவர்களோடு கிளம்பினாள்.

சேர்க்கை ஆசிரியை பள்ளியின் முன்னறையில் இருந்தார். நரைத்த தலை, களைத்த முகம். கெட்டவர் மாதிரி இல்லை. கேள்வியக்கா பதிவேட்டைத் திறந்து, ஞாயிறு முதல் வெள்ளிவரை கருவி யார் யார் கையில் இருந்தது என்பதைத் தேதி வாரியாகக் காட்டினாள்.

ஆசிரியை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "உங்க அக்கறை புரியுதுங்க. ஆனா மெஷின் ஒரு பெரிய விஷயமே இல்ல. இருபத்தி ரெண்டு வருஷமா இந்த வேலையைப் பாக்குறேன். ஒரு குழந்தை கதவைத் திறந்து உள்ள வரும்போதே எனக்குத் தெரிஞ்சிடும். கேள்வியெல்லாம் ஒரு சம்பிரதாயம்தான்."

"எனக்கும் அப்படித்தாங்க தெரிஞ்சுது."  கேள்வியக்கா அறிக்கையின் நகலை ஆசிரியையின் மேசையில் வைத்தாள். "எனக்குத் தெரிஞ்ச லட்சணத்தை நீங்களே படிச்சுப் பாருங்க. படிச்சிட்டு இந்தப் புள்ளைகிட்ட மறுபடியும் கேளுங்க."

ஆசிரியை படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் சிவந்தது. "என்னை உங்களோட ஒப்பிடாதீங்க. நான் நடுநிலையா, கேள்வித்தாள்ல இருக்கிறபடி, ஒரு வார்த்தை மாறாமக் கேட்டேன். இந்தக் குழந்தை ஒண்ணுக்குக்கூட..."

சிறுமி மேசையைத் தட்டினாள். மூன்று பெரியவர்களும் திரும்பினார்கள்.

"நீங்க தாளையே பாத்துக் கேட்டீங்க." குரல் கொஞ்சம் உரக்க, ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வந்தது. "குனிஞ்சுக்கிட்டே இருந்தீங்க. உங்க வாய் எனக்குத் தெரியல. மெஷின் இல்லைன்னா நான் வாயைப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவேன்."

"அது வந்து..."

"ஒரே ஒரு தடவை நிமிர்ந்தீங்க. பக்கத்துல ஒரு டீச்சர் இருந்தாங்க. அவங்ககிட்டப் பேசினீங்க. அது எனக்குப் புரிஞ்சுது." சிறுமி ஆசிரியையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "'இது தேறாது'ன்னு சொன்னீங்க."